தொண்டியிலிருந்து தங்கச்சிமடத்திற்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் எந்த அட்டையை முதலில் மாற்ற வேண்டும்?

கேள்வி: தொண்டிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் தொண்டியில் பிறந்து வளர்ந்து தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள். திருமணமாகி ஆறாண்டுகள் நிறையப் போகின்றன. ஆனால் அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை நான் இன்னமும் அப்பா வீட்டிலேயே குடியிருக்கிறேன். ஆதாரில் தொண்டி முகவரிதான் இருக்கிறது. வாக்காளர் அட்டை திருவாடானைத் தொகுதியில் இருக்கிறது. ரேஷன் கார்டில் என் பெயர் அம்மாவின் கார்டிலும் என் கணவர் பெயர் மாமனாரின் கார்டிலும் இருக்கின்றன. குழந்தையின் பெயர் எந்தக் கார்டிலும் ஏறவில்லை. குழந்தைக்கு நீல நிற ஆதார் மட்டும் தொண்டி முகவரியில் எடுத்து வைத்திருக்கிறோம்.

கணவர் நாட்டுப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர். மாமனார் வீட்டை ஒட்டியே தனியாக ஓர் அறையும் அடுப்படியும் கட்டிக்கொண்டு நாங்கள் தனிக்குடித்தனமாக இருக்கிறோம். இடம் புறம்போக்கு என்பதால் பட்டா இல்லை. எங்கள் பெயரில் வீட்டு வரி ரசீதும் இல்லை. மின் இணைப்பு மாமனார் பெயரில் இருக்கிறது. ஆகவே எந்த அலுவலகத்திற்குப் போனாலும் முகவரிச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றை வாங்கப் போனால் வேறோர் அட்டையில் முகவரியை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இந்தச் சுற்றை எங்கிருந்து அவிழ்ப்பது என்பதே எனக்குப் புரியவில்லை.

இங்கே ஒரு கணினி மையத்தில் கேட்டபோது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் எல்லா அட்டைகளையும் அவர்களே மாற்றித் தருவதாகவும், அதற்கு முன்பு என் இனிஷியலைக் கணவரின் இனிஷியலாக மாற்றியே ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள். என் பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பான் அட்டை எல்லாவற்றிலும் அப்பாவின் இனிஷியல்தான் இருக்கிறது. இனிஷியலை மாற்றுவது உண்மையிலேயே கட்டாயமா? ஆதாரில் முகவரி மாறிவிட்டால் மற்ற அட்டைகளும் தாமாகவே மாறிவிடும் என்று அவர்கள் சொல்வதும் சரிதானா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் கணவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் சேர்த்த பெயர் ஒன்று. ஆதாரில் பள்ளிப் பெயரும், மீனவர் சங்கப் பதிவேட்டிலும் எங்கள் கோயில் திருமணப் பதிவேட்டிலும் ஞானஸ்நானப் பெயரும் இருக்கின்றன. மாமியாருக்கோ ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழுவதே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், இராமநாதபுரம்

சகோதரிக்கு வணக்கம். ஆதாரில் முகவரி மாறினால் மற்றவை தாமாக மாறா. ஒவ்வோர் அட்டையும் ஒவ்வொரு சட்டத்தின் கீழ், ஒவ்வொரு துறையால் தரப்படுவது. ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றொன்றுக்குச் சான்றாகப் பயன்படுமே தவிர, அதை மாற்றிவிடாது. எனவே எது எதற்குச் சான்றாகும் என்று பார்த்து வரிசையை அமைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் நிலையில் ஆதார் முதலாவதாகவும், குடும்ப அட்டை இரண்டாவதாகவும், வாக்காளர் அட்டை மூன்றாவதாகவும் இருப்பதே நல்லது.

ஆதாருக்கு உங்கள் பெயரில் முகவரிச் சான்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குடும்பத் தலைவரின் ஆதாரை அடிப்படையாகக் கொண்டு இணையவழியாக முகவரியை மாற்றும் வசதி 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இங்கே குடும்பத் தலைவர் என்றால் ரேஷன் கார்டில் முதலில் இருப்பவர் என்று பொருள் இல்லை. அதே முகவரியில் வசிக்கும், 18 வயது நிறைந்த உறவினர் எவரும் அந்த இடத்தில் இருக்கலாம். உங்கள் கணவரின் ஆதாரில் தங்கச்சிமடம் முகவரி இருக்குமானால் அவரையே குறிப்பிடுங்கள். நீங்கள் விண்ணப்பித்ததும் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வரும். 30 நாட்களுக்குள் அவர் உள்ளே நுழைந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தவறினால் விண்ணப்பம் முடிந்துபோகும்; கட்டிய கட்டணமும் திரும்பாது. கடலுக்குப் போகிறவர் என்பதால், அவர் கரையில் இருக்கும் நாளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பிப்பது உத்தமம்.

உறவுமுறைக்குச் சான்று கேட்பார்கள். திருமணச் சான்று இருந்தால் அதைத் தரலாம். உறவுமுறைச் சான்றே இல்லாதவர்களுக்கு, குடும்பத் தலைவராகக் குறிப்பிடப்படுபவர் உரிய படிவத்தில் எழுதித் தரும் சுய உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். கோயில் பதிவேட்டில் கணவருக்கு வேறு பெயர் இருப்பதால், உங்களுக்கு இந்த உறுதிமொழி வழியே சிக்கலில்லாதது. ஆனாலும் திருமணப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதத்தவரின் திருமணமாக இருந்தாலும், அது வேறு சட்டத்தின் கீழ் ஏற்கெனவே பதிவாகியிருந்தாலும்கூட, இந்தச் சட்டத்தின் கீழும் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான 90 நாள் கெடு உங்களுக்குக் கடந்துவிட்டது என்பதால், கோயிலில் பங்குத்தந்தையிடம் திருமணப் பதிவேட்டின் நகலைப் பெற்றுக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

நேரடியாக ஆதார் மையத்திற்கே போக விரும்பினால் இன்னொரு வழியும் உண்டு. ஆதார் ஆணையம் வெளியிட்டுள்ள சான்றிதழ் படிவத்தில் உங்கள் புகைப்படத்தை ஒட்டி, வட்டாட்சியரிடமோ, 'அ', 'ஆ' பிரிவு அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரிடமோ, சட்டமன்ற உறுப்பினரிடமோ கையொப்பமும் முத்திரையும் பெறலாம். அந்தப் படிவம் கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லும். ஊராட்சித் தலைவரும் கையொப்பமிடலாம் என்று படிவத்தில் இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, அதன்பின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. பழைய தலைவரிடம் பழக்கத்தின் பேரில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். பதவியில் இருப்பவர் யார் என்று பார்த்து வாங்குங்கள்.

இனிஷியல் விஷயத்தில் அந்தக் கணினி மையத்தின் பேச்சைக் கேட்காதீர்கள். திருமணமான பெண் கணவரின் இனிஷியலைப் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும்; முகவரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்படியிருக்க, அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிட்டு, பிறகு பள்ளிச் சான்றிதழோடும் பானோடும் வங்கிக் கணக்கோடும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று அலைவானேன்? கணவர் பெயர் தெரிய வேண்டுமென்றால் முகவரியின் தொடக்கத்தில் 'மேற்பார்வை' (C/O) என்ற இடத்தில் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பெயர் அப்படியே இருக்கும். கணவருக்கும் இதையே சொல்வேன். ஆதாரில் பள்ளிப் பெயர் இருக்கிறது என்றால் அதைத் தொடாமல், மற்றப் பதிவேடுகளை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

அடுத்தது குடும்ப அட்டை. ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. எனவே உங்கள் பெயரைத் தொண்டி அட்டையிலிருந்தும், கணவர் பெயரை மாமனார் அட்டையிலிருந்தும் முதலில் நீக்க வேண்டும். உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலேயே நீக்கத்திற்கு விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்யலாம். நீக்கம் உறுதியான பிறகு புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாமனார் பெயரிலுள்ள மின் கட்டண ரசீதோடு, தம் இடத்தில் நீங்கள் தனியாகக் குடியிருப்பதாக அவர் எழுதித் தரும் கடிதத்தையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விண்ணப்பத்தில் அதிகாரிகள் உண்மையாகவே பார்ப்பது அடுப்பைத்தான். தனிச் சமையலறை இருந்தால்தான் தனி அட்டை என்பது விதி. தணிக்கைக்கு வருபவர் ஒரே வளாகத்தில் இரண்டு குடும்பங்கள் இருப்பதைக் கண்டவுடன், உலை எங்கே கொதிக்கிறது, அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்றுதான் நோட்டமிடுவார். கூரை ஒட்டியிருப்பது குறையாகாது. ஆனால் அவர் வரும் நேரத்தில் உங்கள் அடுப்படி பூட்டிக் கிடந்து, மாமியார் வீட்டில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கூட்டுக்குடும்பம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அது அவர் தவறும் ஆகாது.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 போதும். முகவரி மாற்றம், திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை ஆகிய அனைத்திற்கும் அதுவே படிவம். புதிதாகச் சேர்பவர்களுக்கான படிவம் 6-ஐ மறந்தும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஓரிடத்தில் பெயர் இருக்கும்போது, இல்லை என்று உறுதிமொழி தந்து இன்னோரிடத்தில் சேர்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன்படி தண்டனைக்குரியது. தங்கச்சிமடம் இராமநாதபுரம் தொகுதியில் வருவதால், படிவம் 8 ஏற்கப்பட்டதும் திருவாடானைப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் அகன்றுவிடும்.

கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் ஆதார் மையத்தில் முகவரி போன்ற விவரங்களை மாற்ற 75 ரூபாய். கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். படிவம் 8-க்குக் கட்டணமே இல்லை. 'மொத்தமாக ஒரு தொகை' என்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில்: பாம்பன், மீனவர் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்

ஐயா சொன்ன வரிசை சரியானது. எங்கள் சங்கத்திற்கு வரும் இளம் குடும்பங்களில் பெரும்பாலானவர்களின் நிலையும் இதுதான் என்பதால், கடல் தொழில் சம்பந்தப்பட்டதை மட்டும் சேர்த்து எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடல் மீனவக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது. பிறகு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது ஆளுக்கு அல்ல, குடும்பத்திற்கு. குடும்பம் எது என்பதைக் குடும்ப அட்டையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தகப்பனும் மகனும் தனித்தனி வலை வைத்து, தனித்தனி அடுப்பு மூட்டினாலும், அட்டை ஒன்றாக இருந்தால் தொகையும் ஒன்றுதான். எனவே புதிய அட்டை கைக்கு வந்ததும் அதன் நகலைச் சங்கத்திலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் உடனே கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். மார்ச் மாதக் கடைசியில் ஓடிவந்தால் அந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் ஏறுவது கடினம்.

சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசுப் பங்கு 3,000 ரூபாயும் சேர்ந்து 4,500 ரூபாயாகக் கிடைக்கும். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் பெண்களும் இதேபோன்ற திட்டத்தில் தம் பெயரிலேயே பயன்பெறலாம். கணவருக்குக் கிடைப்பதால் மனைவிக்குத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; அது சரியல்ல.

சங்கப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் இருப்பதைச் சொன்னீர்கள். இந்தக் கரையோரக் கிறிஸ்தவ ஊர்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் சங்கதி. அவருடைய ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் எழுதிய உறுதிமொழி ஆகியவற்றுடன் சங்கத்திற்கு ஒரு மனு கொடுத்துத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நிவாரணப் பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போவதால், பெயர் ஒத்துவராவிட்டால் நின்றுபோகும். அதன்பிறகு யாரிடம் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைத்தான் கை காட்டுவார்கள்.

2008-இல் மும்பையில் தாக்குதல் நடத்தியவர்கள் கடல் வழியாக வந்தார்கள் என்பதால், அதன்பிறகு கடலோர மீனவர்களுக்கு மத்திய அரசு விரல்ரேகைப் பதிவுடன் கூடிய அடையாள அட்டைகளை வழங்கியது. உங்கள் கணவரிடம் அது இருந்தால் பத்திரமாக வைத்திருக்கட்டும். கடலில் கடலோரக் காவல் படையினரோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினரோ நிறுத்திக் கேட்டால், அட்டையை எடுத்து நீட்ட முடிய வேண்டும். கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்வது அங்கே எடுபடாது. சார்ஜ் இறங்கியிருக்கும், இல்லையென்றால் சிக்னல் இருக்காது. காகித ஆதாரை லேமினேட் செய்து கொண்டுபோனாலும் உப்புத்தண்ணீர் ஓரத்தில் நுழைந்து எழுத்தைத் தின்றுவிடும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பணம் கட்டித் தபாலில் வரவழைக்கும் பிளாஸ்டிக் அட்டைதான் கடலுக்கு ஏற்றது.

மாமியாரின் கைரேகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் கடல்பாசி எடுக்கப் போகிறவராக இருப்பார் என்று ஊகிக்கிறேன். எங்கள் ஊரிலும் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் பறிப்பார்கள். துணி ஈரமாகி நழுவியதும் வெறும் விரல்தான் பாறையில் உரசும். வருடக்கணக்கில் அப்படிச் செய்த விரல்நுனி வழவழப்பாகிவிடும். ரேஷன் கடைக் கருவியில் வலக் கை, இடக் கை என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, 'ரேகை விழலம்மா' என்று விற்பனையாளர் சொல்லும்போது, அவர்கள் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைப்பார்கள். துடைத்து என்ன பயன்?

இதற்கு வழிகள் உண்டு. ரேகை விழாதவர்களுக்குக் கருவிழியைப் பதிவுசெய்து பொருள் தரும் கருவி நம் மாநில ரேஷன் கடைகளுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. முதலில் மாமியாரை ஆதார் மையத்திற்கு அழைத்துச் சென்று கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள். பாசிக்குப் போகாமல் சில நாள் கை ஓய்ந்திருக்கும் காலத்தில் போனால் ரேகை ஓரளவு தெளிவாகப் பதியும். அட்டையில் பெயருள்ள வேறு எவர் ரேகை வைத்தாலும் பொருள் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மூத்தவர்கள் கடைக்கு வர முடியாத நிலையில் தம் சார்பாக ஒருவரை நியமிக்கும் படிவமும் இருக்கிறது. ரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்திற்காகப் பொருள் மறுக்கப்பட்டால், வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

பதில்: மண்டபம் வாசகர்

ஆதாரை வைத்து எல்லாம் கிடைத்துவிடும் என்று கணினி மையத்தில் சொன்னதைப் படித்ததும், எங்கள் நிலையைச் சொல்லத் தோன்றியது.

நான் மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவன். என்னிடம் ஆதார் இருக்கிறது. முகாம் குடும்ப அட்டை இருக்கிறது. ஆனால் வாக்காளர் அட்டை கிடையாது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் வசித்தவரை 'வசிப்பவர்' என்று வரையறுத்து, அவருக்கு எண் பெறும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவு, ஆதார் எண் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்பிடத்திற்கோ சான்றாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. குடியிருப்பவர் வேறு, குடிமகன் வேறு.

எங்களில் ஒரு பெண்ணின் கதை செய்தித்தாள்களில் வந்தது. அவர் 1986-இல் இதே மண்டபம் முகாமில் பிறந்து, பின்னர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தவர். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் ஆவார் என்பதால், அவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அதன்பிறகே வாக்காளர் அட்டையும் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்குக் கதவைத் திறந்தது மண்டபத்தில் பிறந்ததற்கான பிறப்புச் சான்றிதழ், ஆதார் அல்ல. எனவே உங்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை மற்ற எல்லா அட்டைகளுக்கும் மேலாகப் பத்திரப்படுத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: தொண்டிப் பெண்

மூவருக்கும் மிக்க நன்றி. இனிஷியலைத் தொடப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் பாசிக்குப் போகிறவர்தான். சங்கத்து அண்ணன் சரியாகவே ஊகித்திருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. முதலாவது, ஓட்டை மட்டும் தொண்டியிலேயே வைத்துக்கொள் என்று அப்பா சொல்கிறார். அங்கே எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. பிரசவத்திற்கும் பல மாதங்கள் அங்கேதான் இருந்தேன். அப்படி வைத்துக்கொள்ள முடியுமா? இரண்டாவது, குழந்தைக்கு ஐந்து வயது நெருங்குகிறது. நீல நிற ஆதாரில் முகவரியை இப்போதே மாற்ற வேண்டுமா?

பதில்: கீழக்கரை வாசகர்

சகோதரியின் முதல் சந்தேகம் எங்கள் ஊரில் தினமும் எழுகிற ஒன்று என்பதால் நான் பதில் சொல்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். சொந்த வீடு இங்கே இருக்கிறது, எனவே ஓட்டும் இங்கேதான் என்பது பொதுவான எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 20-ஆவது பிரிவின்படி, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலோ வசத்தில் இருப்பதாலோ மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். அதே பிரிவு, தற்காலிகமாக வெளியூர் போய் இருப்பதால் வசிப்பிடம் போய்விடாது என்றும் கூறுகிறது. எனவே பிரசவத்திற்குத் தொண்டியில் இருந்தது உங்களைத் தொண்டிவாசி ஆக்கவும் செய்யாது. தங்கச்சிமடத்து உரிமையைக் கெடுக்கவும் செய்யாது. குடித்தனம் எங்கே நடக்கிறதோ ஓட்டும் அங்கேதான். வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக வந்து படிவம் கொடுக்கும் காலத்தில், திருமணமாகிப் போன பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பதையும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் சகோதரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர்கள் படிவம் 6அ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரித் தொகுதியில் சேரலாம். அவர்களுக்கு வாக்காளர் அட்டை தரப்படுவதில்லை. ஊருக்கு வந்து மூலப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாக்களிக்க முடியும். ஆதார் எடுக்க அவர்கள் 182 நாட்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் விடுமுறையில் வந்திறங்கியதும் எடுக்கலாம். ஒரே ஒரு தொந்தரவு, ஊரில் வாங்கிய சிம் கார்டைப் பணம் போடாமல் விட்டுவிட்டு அந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விடுவது, அப்புறம் ஓ.டி.பி. எல்லாம் அந்தப் புண்ணியவானுக்குத்தான் போகும். வீட்டில் உள்ளவர்கள் அந்தச் சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லாட்ஜ், சிம் கடை, தவணைக் கடை என்று எங்கே பார்த்தாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். நாமும் யோசிக்காமல் நீட்டிவிடுகிறோம். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும்படியான ஆதாரை இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அறை எடுப்பது போன்ற காரியங்களுக்கு அதுவே போதும். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் மேலேயே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள். அட்டை தொலைந்துபோனால் காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்திற்கான அறிக்கையை நாமே பதிந்து அச்செடுத்துக்கொள்ளலாம்.

பதில்: ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், இராமநாதபுரம்

குழந்தையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் எடுக்கப்படுவதில்லை. புகைப்படமும் பெற்றோரின் அங்கீகாரமும் மட்டுமே இருக்கும். ஐந்து வயது நிறைந்ததும் அவற்றைப் பதிவது கட்டாயம். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. அந்தப் பதிவோடு சேர்த்தே முகவரியையும் மாற்றினால் அதற்கும் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே பிறந்த நாள் கழியும்வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். புதிய குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கக் குழந்தைக்கு ஆதார் எண் இருந்தால் போதும். அதில் தொண்டி முகவரி இருப்பது தடையாகாது.

தொண்டி அட்டையிலிருந்து பெயர் நீக்க விண்ணப்பிக்கும்போது அந்த அட்டையோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும் என்பதால், அம்மா பக்கத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.